தில்லை மரமும் நம் பிள்ளைகளும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றையும் சேர்த்தே ஒரு திருத்தலத்தின் பெருமையைக் கூறுவது நம் மரபு. அவற்றோடு தலவிருட்சம் எனப்படும் கோயில் மரத்தையும் முன்னோர் மறவாமல் சேர்த்துக்கொண்டனர். மதுரைக்குக் கடம்பு, காஞ்சி ஏகாம்பரநாதருக்கு மா, திருவானைக்காவுக்கு வெண்ணாவல், குற்றாலத்துக்குக் குறும்பலா என்று ஒவ்வொரு தலத்துக்கும் ஒரு மரம் உண்டு. சில தலங்களின் பெயரிலேயே காடு இருக்கிறது. திருவாலங்காடு, திருவெண்காடு, திருமறைக்காடு, திருவேற்காடு என்று சொல்லிப் பாருங்கள். மரத்தடியில் கோயில் கொண்ட இறைவனுக்குக் கருங்கல் திருப்பணி பின்னால்தான் வந்தது.

சிங்கப்பூரில் நமக்கு மூர்த்தி உண்டு, அழகிய கோபுரங்களும் உண்டு. தீர்த்தம் குழாயில் வருகிறது. மரத்துக்குத்தான் இடமில்லை. பல கோயில்களில் வில்வமும் வேம்பும் தொட்டியில் வளர்கின்றன. இது யாருடைய குறையும் அன்று; நிலம் அவ்வளவுதான். ஆனால் இதன் விளைவு ஒன்றைச் சமய வகுப்பு நடத்தும் என்னைப் போன்றோர் வாரந்தோறும் காண்கிறோம். தேவாரத்தில் தில்லை என்ற சொல் வரும்போது பிள்ளைகள் பிழையின்றிப் பாடுகிறார்கள். அது ஒரு மரத்தின் பெயர் என்பது அவர்களுக்குத் தெரியாது. "டீச்சர், தில்லைன்னா ஊரா, இல்லை சாமியோட பேரா?" என்று தொடக்கநிலை 4இல் படிக்கும் ஒரு சிறுமி கேட்டாள். நல்ல கேள்வி. மரம் என்று நான் விடை சொன்னதும், "அது எப்படி இருக்கும்?" என்று அடுத்த கேள்வி பிறந்தது. படத்தைக் காட்டியிருக்கலாம். ஆனால் அந்த மரம் நம் தீவிலேயே, பேருந்தில் போய் இறங்கும் தூரத்தில் நிற்கும்போது படம் எதற்கு?

எங்கள் கோயிலின் சமய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜூன் விடுமுறையில் நடத்தும் இயற்கைப் பகல்முகாமைப் பற்றி இம்மலருக்கு எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டார்கள். "சமய வகுப்புக்கும் சதுப்புநிலத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று வினவும் அன்பர்கள் பலர் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஜூன் மாதம் நான்கு வாரம் பள்ளி விடுமுறை. அண்டை வீட்டுப் பிள்ளைகள் தங்கள் தேவாலயம் நடத்தும் விடுமுறை முகாமுக்குச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு புறப்படுவதை நம் பிள்ளைகள் மின்தூக்கியில் பார்க்கிறார்கள். "நமக்கு ஏன் இல்லை?" என்று அவர்கள் கேட்டதில் தவறில்லை. முகாமுக்கு முதல் காரணம் அதுதான். தில்லை அதற்கு அடுத்தது.

நாங்கள் போகும் இடம் சுங்கை பூலோ சதுப்புநில வனப்பகுதி. தீவின் வடமேற்கில், கிராஞ்சிக்கு அருகே, ஜொகூர் நீரிணையை ஒட்டி இருக்கிறது. 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002இல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற வனப்பகுதியாயிற்று. நுழைவுக் கட்டணம் கிடையாது. சுங்கை என்றால் ஆறு, பூலோ என்றால் மூங்கில் என்று மலாய் தெரிந்தவர்கள் அறிவர். ஒரு காலத்தில் இத்தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காடு இத்தகைய அலையாத்திக் காடாக இருந்தது. இன்று எஞ்சியிருப்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அலையாத்தி என்ற சொல்லைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டுவது எனக்குப் பிடிக்கும். அலையை ஆற்றுகிற காடு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியபோது, சிதம்பரத்துக்கு அருகிலுள்ள பிச்சாவரத்தில் இக்காட்டின் பின்னால் இருந்த சிற்றூர்களில் சேதம் குறைவாக இருந்ததாகப் பதிவுகள் உள்ளன. சொல்லைப் படைத்தவர்கள் காரணம் அறிந்துதான் படைத்திருக்கிறார்கள்.

ஜூன் மாதத்தில் போவதால் ஒரு நட்டம் உண்டு. வடக்கே சைபீரியா வரையிலிருந்து வந்து தங்கும் பறவைகளைக் காண முடியாது. அவை செப்டம்பர் முதல் மார்ச் வரைதான் இங்கே இருக்கும். இதைப் பெற்றோரிடம் முன்னதாகவே சொல்லிவிடுகிறோம், தொலைநோக்கி வாங்கிக் கொடுத்துவிட்டு ஏமாறக்கூடாது அல்லவா? தேதியைப் பஞ்சாங்கம் பார்த்து முடிவு செய்வதில்லை. கடலின் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து முடிவு செய்கிறோம். இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் ஏறத்தாழ 3 மீட்டர் வரை மாறும். காலை ஒன்பது பத்து மணிக்கு நீர் வற்றியிருக்கும் சனிக்கிழமையாகப் பார்த்து வைத்துக்கொண்டால், சேற்றில் வாழும் உயிர்கள் அத்தனையும் வெளியே வந்து காட்சி தரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் வற்றம் மிக அதிகம். ஆகவே ஒரு வகையில் பஞ்சாங்கமும் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம்!

காலை ஏழு மணிக்குக் கோயிலில் விநாயகர் வழிபாடு. அருகம்புல்லைப் பிள்ளைகளே கிள்ளிச் சாத்துகிறார்கள். வழிபாடு அங்கேயே முடிந்துவிடும். காட்டுக்குள் சூடம் ஏற்றுவதில்லை, பூப் போடுவதில்லை, தேங்காய் உடைப்பதில்லை. இலையைக் கிள்ளவும் விலங்குகளுக்குத் தீனி போடவும் சட்டம் தடை விதித்திருக்கிறது. சென்ற முறை 24 பிள்ளைகள், ஆறு பெரியவர்கள். நான்கு பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கைக் குறைக்க நான் ஒப்புவதில்லை.

மரப்பலகை நடைபாதையில் இறங்கிய முதல் ஐந்து நிமிடம் மூக்கைப் பொத்திக்கொள்வதிலேயே போய்விடும். அழுகிய முட்டை போன்ற அந்த நாற்றம் அழுக்கினால் வருவதன்று. காற்றுப் புகாத சேற்றில் இலைதழைகளை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் விடும் வாயு அது. பிறகு ஒரு பிள்ளை, வாலால் துள்ளிக்கொண்டு சேற்றில் நடக்கும் மீனைக் கண்டு கூவும். அத்துடன் மூக்கு மறந்துபோகும். சுரபுன்னையின் ஊன்றுகோல் போன்ற வேர்களையும், தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு ஈட்டிபோல் நீண்டிருக்கும் அதன் நாற்றுகளையும் காட்டுகிறோம். பாட்டிமார் யாராவது உடன் வந்தால், 1975இல் வெளிவந்த எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' படத்தில் வரும் படகுக் காட்சி இத்தகைய காட்டில்தான், பிச்சாவரத்தில்தான் எடுக்கப்பட்டது என்பதை எனக்கு முன்பே சொல்லிவிடுவார்கள்.

நீப்பாப் பனையின் முன்னால் எப்போதும் சற்று நேரம் நிற்போம். தண்டு சேற்றுக்குள் கிடக்க, ஓலை மட்டும் நேரே எழுந்து நிற்கும் பனை இது. ஐஸ் கச்சாங்கில் போடுகிற வழவழப்பான அத்தாப் சீ இதன் விதைதான் என்றதும் பிள்ளைகள் வாய்பிளக்கிறார்கள். ஆனால் நான் சொல்ல விரும்புவது வேறு. 1827இல் நாராயண பிள்ளையின் முயற்சியால் சவுத் பிரிட்ஜ் சாலையில் எழுந்த மாரியம்மன் கோயில் முதலில் மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் ஆனது. அத்தாப்பு என்பது இந்த நீப்பாவின் ஓலை. இத்தீவில் நம் அன்னைக்கு முதல் நிழல் கொடுத்தது சதுப்புநிலம் என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சன்று.

நடைபாதையில் நிலத்துப் பக்கமாகத் திரும்பும் இடத்தில்தான் தில்லை நிற்கிறது. அலை வந்து மோதும் முன்வரிசையில் அது வளர்வதில்லை. காட்டின் பின்புறத்தில், உப்புநீர் எப்போதாவது வந்துபோகும் மேட்டில் வளர்கிறது. பார்வைக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. நடுத்தர உயரம், பளபளக்கும் நீள்வட்ட இலை. முற்றிய இலைகள் உதிரும் முன் சிவந்துவிடுவதால் பச்சைக்கு நடுவே அங்கங்கே குங்குமம் வைத்ததுபோல் தெரியும். ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. சுரபுன்னைபோல் ஊன்றுவேர் கிடையாது. வேர்கள் பாம்புபோல் வளைந்து வளைந்து நிலத்தின் மேலேயே படர்ந்திருக்கும். கிளையோ இலையோ ஒடிந்தால் வெண்பால் வடியும். அந்தப் பால் கடும் நஞ்சு. தோலில் பட்டால் கொப்புளம். கண்ணில் பட்டால் பார்வையே மறைந்துபோகலாம். ஆகவே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் தில்லையைத் தரிசிக்க வேண்டும் என்பது முகாமின் விதி. கோயிலில் சந்நிதி முன்பு கூப்பும் கை இங்கே பின்னால் போகிறது.

அங்கே நின்று வியாக்கிரபாதர் கதையைச் சொல்கிறேன். வண்டு தீண்டுமுன் பூப்பறித்து இறைவனுக்குச் சாத்த வேண்டும் என்று விரும்பிய முனிவர், இருட்டிலும் வழுக்காமல் மரமேறப் புலிக்கால் வேண்டிப் பெற்றார். வகுப்பறையில் இக்கதையைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். புலிக்கால் எதற்கு, ஏணி வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். சேறு வழுக்கும் தில்லை வனத்தை நேரில் பார்த்த பிறகு யாரும் சிரிப்பதில்லை. ஆதிசேடன் அம்சமான பதஞ்சலி முனிவரும் அதே வனத்துக்கு வந்தவர் அல்லவா? வேர்களைக் காட்டி, "பாம்பு, பாம்பு" என்று ஒரு சிறுவன் தானாகவே சொன்னான்.

இன்னொரு பையன் விடாமல் கேட்டான்: "இவ்வளவு விஷமான மரத்தைச் சாமி ஏன் எடுத்துக்கிட்டாரு? நல்ல மரம் எத்தனையோ இருக்கே?" நான் விடை சொல்ல வாய் திறப்பதற்குள், வரிசையின் கடைசியில் நின்ற தொடக்கநிலை 3 மாணவி, "அவர் தொண்டையிலேயே விஷம்தானே இருக்கு" என்றாள். நீலகண்டர் கதையை அவளுக்கு யாரோ வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். என் வகுப்பில் அதுவரை நாங்கள் அதைத் தொடவில்லை.

எங்கள் கோயில் நிருவாகத்தில் உள்ள மூத்த பெரியவர் ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். "கோயில் பணத்தில் காட்டுக்கு உல்லாசப் பயணமா?" என்று கூட்டத்தில் வெளிப்படையாகக் கேட்டவர் அவர். உண்டியலில் விழும் ஒவ்வொரு வெள்ளிக்கும் கணக்குக் கேட்பது அறங்காவலின் கடமை, அதில் எனக்கு வருத்தமில்லை. வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் ஐயா என்று அழைத்தோம், வந்தார். செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர். சிறுவயதில் இதே போன்ற சேற்றில் நண்டு பிடித்ததாகப் பேருந்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார். தில்லை மரத்தருகே வந்ததும் சட்டென்று நின்றார். "இது பூத்தா பூத்தா மரமாச்சே! பக்கத்தில் போகாதீர்கள். இதன் பால் பட்டு என் அண்ணன் இரண்டு நாள் கண் திறக்கவில்லை" என்றார். மலாயில் பூத்தா என்றால் குருடு. "இதுதான் ஐயா தில்லை" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஐம்பது ஆண்டுக்கு மேலாகத் திருமுறை ஓதிவருபவர். சற்றுப் பொறுத்து, "எங்கள் வீட்டுப் பின்னாலேயே நின்றதம்மா" என்றார்.

செலவைப் பற்றிய அவர் கருத்து இன்னும் மாறவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பேருந்துக்கும் காப்புறுதிக்கும் பெற்றோரே பணம் கட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் அதனாலேயே விடுபட்டுப் போவார்கள் என்பது என் கட்சி. வழக்கு நிலுவையில் இருக்கிறது.

முதலையைப் பற்றித்தான் பெற்றோர்கள் அதிகம் கேட்கிறார்கள். ஆம், சுங்கை பூலோவில் உவர்நீர் முதலைகள் இருக்கின்றன. பாலத்தின் மேலிருந்து சில நாள் காணலாம். எச்சரிக்கைப் பலகைகள் உண்டு. நடைபாதையை விட்டு யாரும் இறங்குவதில்லை. விலங்கிடமிருந்து விலகி நிற்க வேண்டும் என்பதைப் புறப்படுமுன் கோயில் மண்டபத்திலேயே பயிற்சியாகச் செய்து பார்க்கிறோம். அவிநாசியில் முதலை விழுங்கிய பாலனைச் சுந்தரர் பாடி மீட்ட வரலாற்றை நான் முதலையைக் கண்ட பிறகுதான் சொல்வது வழக்கம். அசையாமல் மரக்கட்டைபோல் கிடக்கும் அந்த உருவத்தைப் பார்த்த கண்களுக்கு, பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாயின் துயரம் கதையாகத் தெரிவதில்லை. உண்மையில் பெற்றோர்களின் அச்சம் முதலையைவிடச் சேற்றிடம்தான் என்று தோன்றுகிறது. வெள்ளைக் காலணி போட்டு அனுப்பிவிட்டு அழுக்காயிற்றே என்று வருந்துவோருக்கு நான் என்ன செய்ய?

கதை சொன்னால் எதிர்க்கேள்வி வரும் என்பதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். கரையோரம் நின்ற சாம்பல் நாரையைக் காட்டி, நாரைக்கு முத்தி கொடுத்த திருவிளையாடலைச் சொன்னேன். பொற்றாமரைக் குளத்தில் முனிவர்களின் சடையில் புரளும் மீன்களைத் தின்ன மனமில்லாத நாரை, இனி இக்குளத்தில் மீனே இருக்கக்கூடாது என்று வரம் கேட்டதல்லவா? "அப்படின்னா மற்ற நாரையெல்லாம் என்ன சாப்பிடும் டீச்சர்?" என்றான் ஒருவன். அந்த நேரம் பார்த்து எதிரில் நின்ற நாரை ஒரு மீனைக் கொத்தி விழுங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

இத்தகைய முகாம்களில் நான் சொல்ல மறுக்கும் செய்திகளும் சில உண்டு. அரசமரம் இரவிலும் பிராணவாயுவை வெளியிடுகிறது, அதனால்தான் முன்னோர் வணங்கினர் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். அது சரியன்று. இலை பிராணவாயுவை வெளியிட ஒளி வேண்டும். இரவில் எந்த மரமும் அதை வெளியிடுவதில்லை. பிள்ளைகள் பள்ளியில் அறிவியல் படிக்கிறார்கள். சமய வகுப்பில் சொன்னது தவறு என்று அங்கே தெரிந்துகொண்டால், மற்றவற்றையும் சேர்த்து ஐயுறுவார்கள். அரசமரத்துக்குப் பொய்ப் பெருமை தேவையில்லை. அதன் பழத்துக்குள்ளேயே பூ மலர்கிறது. கடுகினும் சிறிய ஒரு குளவி உள்ளே புகுந்து மகரந்தம் சேர்க்காவிட்டால் அங்கே விதை இல்லை. ஒவ்வோர் அத்தி இனத்துக்கும் பெரும்பாலும் அதற்கென்றே ஒரு குளவி உண்டு. மைனா தின்று எச்சமிட்ட விதை, அடுக்குமாடிச் சுவரின் வெடிப்பில்கூட முளைத்து நிற்கிறது. தம் புளோக்கில் அப்படி ஒரு செடி இருப்பதாக மூன்று பிள்ளைகள் சொன்னார்கள்.

சென்ற முறை திரும்பும் வழியில் ஒரு காட்சி. ஏற்றத்தில் வந்த குப்பை வேர்களில் மாட்டிக்கொண்டிருந்தது. நீரிணையின் இரு கரையிலிருந்தும் வருவதால் எது யாருடையது என்று சொல்ல இயலாது. அதில் ஒன்று மாலை. பூவெல்லாம் போய், பிளாஸ்டிக் நூலும் சரிகைத் தாளும் மட்டும் முடிச்சு அவிழாமல் இருந்தன. யாரோ ஈமச்சடங்கிலோ நேர்த்திக்கடனிலோ கடலில் விட்டது. "இது நம்ம மாலை" என்றாள் ஒரு சிறுமி. நம்முடையது என்ற சொல்லை அவள் எந்தப் பொருளில் சொன்னாளோ, பெரியவர்கள் ஆறு பேருக்கும் சற்று நேரம் பேச்சு வரவில்லை.

ஆகவே, பிற்பகல் நிகழ்ச்சியை மாற்றிக்கொண்டோம். அன்னதானக் கூடத்தில் வாழையிலையில் சாப்பிட்ட பின் வண்ணம் தீட்டுவதாக இருந்தது. அதற்குப் பதிலாக, அன்று காலை களைந்த மாலைகளை அர்ச்சகரிடம் கேட்டு வாங்கிப் பிள்ளைகள் முன்னால் வைத்தோம். பூ ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம், ரப்பர் வளையமும் பிளாஸ்டிக் பையும் இன்னொரு பக்கம் என்று பிரித்தார்கள். மடைப்பள்ளியில் உதவும் அம்மையார் ஒருவர் வாழைநாரைக் கிழித்து நனைத்து, பூக்கட்டக் கற்றுக்கொடுத்தார். இறுக்கினால் நார் அறுகிறது, விட்டால் பூ உதிர்கிறது. இரண்டு மணி நேரத்தில் பிள்ளையாருக்கு ஒரு முழம் தேறியது. நூல் பயன்படுத்தாத மாலைகளைக் கேட்டு வாங்கலாமா என்று பிள்ளைகள் கையெழுத்திட்டு நிருவாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள். விலை அதிகமாகும், கட்டுவதற்கு ஆளும் குறைவு என்பது தெரிந்ததே. பதில் இன்னும் வரவில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கிறார்கள். பார்த்த மரத்தை வரைந்து, அதன் பெயரைத் தமிழில், மலாயில், ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மலாய்க் கட்டமும் ஆங்கிலக் கட்டமும் எளிதில் நிரம்பிவிடுகின்றன. தகவல் பலகையிலும் புத்தகத்திலும் இருக்கிறது. தமிழ்க் கட்டம்தான் பல பக்கங்களில் காலியாக இருக்கிறது. எனக்குத் தெரிந்தது பதினைந்து இருபது பெயர். தோட்டப்புறங்களிலும் பழைய கம்பங்களிலும் வளர்ந்த நம் தாத்தா பாட்டிமாருக்கு இதைவிட மிகுதியாகத் தெரியும். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை என்பதால் அவர்களும் சொல்வதில்லை.

அடுத்த ஜூன் முகாமுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறோம். முழுக்கால் சட்டை, பழைய காலணி, தொப்பி, தண்ணீர்ப் புட்டி, மழையங்கி போதும். கைத்தொலைபேசி வேண்டா. தொண்டூழியராக வர விரும்பும் இளையர்கள் கோயில் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். மரஞ்செடிகளின் தமிழ்ப் பெயர் அறிந்த மூத்தோர் இருவர் மூவர் உடன் வந்தால் பெரிதும் உதவியாக இருக்கும். நடைபாதை சமதளம், இடையிடையே உட்கார இருக்கைகள் உண்டு, நடக்க இயலாதவர்கள் கூடத்திலேயே இருந்து பிற்பகலில் பூக்கட்டக் கற்றுக்கொடுக்கலாம். வாழைநார் நாங்கள் வாங்கி வைத்திருப்போம்.